கல்லுக்குச் சோறு ஊட்டும் வீடு

சிங்கப்பூரில் அக்கா வீட்டுக்குப் போய் இறங்கிய முதல் நாள் ராத்திரி. கூடத்தில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டார்கள். மூலையில் இருந்த மூன்றரை அடி கண்ணாடித் தொட்டியில் மட்டும் மங்கலாக ஒரு நீல வெளிச்சம். அக்கா மகளுக்குப் பத்து வயது. ஸ்டூலில் ஏறி நின்று, நீளமான ஒரு குழாயைத் தண்ணீருக்குள் விட்டு, ஏதோ கல் மாதிரி இருந்த ஒன்றின் மேல் மெதுவாக எதையோ பீய்ச்சினாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் 'கல்' தன் விரல்களை மடக்கி, கொடுத்ததை வாய்க்குக் கொண்டுபோனது.

வீடியோ காலில் தூத்துக்குடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எங்கள் அம்மா, "ஏட்டி, கல்லுக்கா சோறு ஊட்டுதிய?" என்றார். அம்மா கேட்டதில் தப்பில்லை. எங்கள் தாத்தா கட்டிய வீட்டின் பின்சுவரில் செங்கல்லோடு பவளக்கல்லும் இருக்கும். அந்தக் காலத்தில் தூத்துக்குடி பக்கம் கடலிலிருந்து பவளத்தை வெட்டி எடுத்து வந்து கட்டடத்துக்கும் வைப்பார்கள்; சூளையில் சுட்டுச் சுண்ணாம்பும் ஆக்குவார்கள். ஈழத்தில் முருகைக்கல் என்று சொல்வதும் இதைத்தான். பேரிலேயே கல் இருக்கிறது. அதற்கு வாய் உண்டு, பசி உண்டு என்று யார் நினைப்பார்கள்?

அந்தப் பசியைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் அத்தானின் தொட்டி ஒரு முறை பாதி செத்துப்போனது. அந்தக் கதையைக் கேட்கத்தான் அன்று ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தோம்.

உள்ளே ஒரு சமையல்காரர்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பவளம் என்றதும் நம் வீட்டுப் பெண்களுக்கு ஞாபகம் வருவது செவ்வாய்க்கு உகந்த சிவப்புக் கல், மோதிரம், மாலை. அது மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில் வெளிச்சம் குறைவான ஆழத்தில் வளரும் வேறு வகை. வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது, மன்னார் வளைகுடாவில் இருப்பதைப் போன்ற, ஆழமில்லாத வெப்பக்கடலின் பவளம்.

இரண்டுமே தாவரமல்ல, விலங்குதான். ஜெல்லி மீனுக்கும் கடல் சாமந்திக்கும் சொந்தம். ஒரு குட்டிப் பை, பையின் மேலே ஒரு வாய், வாயைச் சுற்றிக் கைகள். அவ்வளவுதான் உடம்பு. இதைப் பாலிப் என்பார்கள். ஆயிரக்கணக்கான பாலிப்கள் ஒட்டிக்கொண்டு, தங்களுக்குக் கீழே சுண்ணாம்பில் வீடு கட்டிக்கொண்டே போனால் அது பவளத் திட்டு. பாலிப்புக்கு ஒரே வாசல்தான். சாப்பிடுவதும் அதன் வழியே, கழிப்பதும் அதன் வழியே. அக்கா மகள் இதைத் தன் வகுப்பில் சொல்லி ஒரு நாள் பெரிய சிரிப்பலையைக் கிளப்பியிருக்கிறாள்.

வெப்பக்கடல் பவளத்தின் விசேஷம் வேறு. அதன் சதைக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சம் பட்டால் இவை மரத்தின் இலை செய்வதையே செய்கின்றன, சர்க்கரை தயாரிக்கின்றன. தயாரித்ததில் 90 சதவிகிதம் வரைகூட வீட்டுக்காரருக்கே கொடுத்துவிடும். பதிலுக்குப் பவளம் தன் கழிவில் இருக்கும் சத்தை உரமாகக் கொடுக்கிறது. நாம் பார்த்து ரசிக்கும் பழுப்பும் பச்சையும் கலந்த அடிப்படை நிறம் பெரும்பாலும் இந்தப் பாசிகளுடையதுதான்.

"வீட்டுக்குள்ளேயே சமையல்காரரை வச்சிருக்கிற மாதிரிம்மா. நாம அடுப்பை மட்டும் பத்தவச்சுக் கொடுத்தாப் போதும். அந்த அடுப்புதான் லைட்டு" என்றார் அத்தான்.

இந்த உறவு விஞ்ஞானிகளுக்கே சுலபத்தில் பிடிபடவில்லை. 1928-29ல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபுக்குப் போன பிரிட்டிஷ் குழுவுக்கு மாரிஸ் யங் தலைமை தாங்கினார். பவளங்களை வெளிச்சம் புகாத பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள். பாசிகள் வெளியேறிவிட்டன, ஆனாலும் இரை கொடுத்த பவளங்கள் சாகவில்லை. ஆகவே பவளம் சுத்த அசைவம், பாசி தருவது முக்கியமான உணவில்லை என்ற முடிவுக்கு யங் வந்தார். 1958ல் அமெரிக்காவில் மஸ்கட்டைன், ஹேண்ட் என்ற இருவர் கதிரியக்கக் கார்பனை வைத்து, கடல் சாமந்தியின் பாசியில் உண்டான பொருள் அதன் சதைக்குள் போவதை நேரடியாகக் காட்டிய பிறகுதான் பார்வை மாறியது. யங் கண்ணால் கண்டது பொய்யில்லை, அதற்கு அவர் சொன்ன அர்த்தம்தான் பாதி. அந்த இருட்டுப் பெட்டி விஷயத்தை மறந்துவிடாதீர்கள், கதைக்கு வேண்டும்.

புது லைட் வந்த வாரம்

அத்தான் மூன்று வருடம் பழைய குழல் விளக்குகளிலேயே தொட்டியை ஓட்டியிருக்கிறார். குழல் விளக்கு கண்ணுக்கு அப்படியேதான் தெரியும். ஆனால் மாதங்கள் போகப்போக அதன் வெளிச்சம் குறைந்து, நிறமும் மாறும். பவளங்கள் மெல்ல மெல்ல அந்த மங்கலுக்குப் பழகியிருந்தன. ஒரு நாள் நல்ல எல்.இ.டி. லைட் ஒன்று வாங்கி வந்து, தொட்டிக்கு மேல் பொருத்தி, முழு வெளிச்சத்தில் போட்டுவிட்டார். ராத்திரியோடு ராத்திரியாகத் தொட்டி அரண்மனை மாதிரி மின்னியதாம். அக்கா அதைப் படம் எடுத்து எங்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பியது எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

நான்காம் நாள் டார்ச் பவளம் சுருங்கியது. டார்ச் என்பது நீண்ட விரல்களும் விரல் நுனியில் உருண்டையுமாகத் தண்ணீரில் அசைந்துகொண்டே இருக்கும் வகை. அடுத்ததாக, கிளை கிளையாக வளரும் அக்ரோபோரா நுனியிலிருந்து வெளிற ஆரம்பித்தது. பத்தாம் நாள் ஏழு பவளங்களில் ஐந்து வெள்ளை வெளேர்.

அத்தான் என்ன நினைத்தார்? "பாவம், சத்துப் போதல போலிருக்குன்னு நெனச்சேன்." உறைய வைத்த இறாலைத் தினமும் காலை, மாலை கொட்டினார். பவளம் சாப்பிடவில்லை. மீனும் தின்று தீர்க்கவில்லை. மீந்தது அழுகி, நைட்ரேட் ஏறி, பாறை முழுக்கப் பச்சை முடி மாதிரிப் பாசி மண்டியது. வீட்டுக்குள் மீன் மார்க்கெட் வாசனை. "அந்த வாரம் நான் பேசவே இல்ல" என்றாள் அக்கா. யாரிடம் என்று சொல்லவில்லை. தொட்டியிடமா, அத்தானிடமா?

நடந்தது இதுதான். மங்கலுக்குப் பழகிய பாசியின் மேல் திடீரென்று வெயில் அடித்தால், அது தாங்கக்கூடியதைவிட அதிக ஒளியைப் பிடித்துவிடுகிறது. அந்த மிச்சம் வேதி நஞ்சாக மாறிப் பவளத்தின் செல்களையே தாக்குகிறது. வேறு வழியில்லாமல் பவளம் தன் சமையல்காரரை வெளியே தள்ளிவிடுகிறது. பாசி போனதும் சதை கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அடியில் இருக்கும் சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரியும். கடல் சூடாகும்போது நடப்பதும் ஏறக்குறைய இதேதான். ஆங்கிலத்தில் ப்ளீச்சிங் என்கிறார்கள், தமிழில் வெளிறுதல்.

ஒன்றைக் கவனியுங்கள். வெளிறிய பவளம் செத்த பவளமல்ல. அது பட்டினி கிடக்கிற பவளம்.

கண்ணை நம்பாதே

அத்தானுக்குத் தெரிந்த ஒரு சீன நண்பர் ஒரு மீட்டரைக் கொண்டுவந்து தண்ணீருக்குள் விட்டுப் பார்த்திருக்கிறார். பவளக்காரர்கள் வெளிச்சத்தை 'பார்' என்ற அளவில் அளக்கிறார்கள். (எங்கள் ஊர் மீனவர்கள் கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். இந்தப் பார் வேறு.) செடியும் பாசியும் பயன்படுத்தக்கூடிய ஒளி ஒரு இடத்தில் எவ்வளவு விழுகிறது என்பதுதான் இந்தப் பார். வெப்பக்கடலின் மேற்பரப்பில் உச்சிவெயிலில் இது சுமார் 2,000 இருக்கும். ஆழம் போகப்போக வேகமாகக் குறையும்.

காளான் பவளம், தோல் பவளம் போன்ற மெத்தென்ற வகைகளுக்கு 50 முதல் 100 போதும். டார்ச் மாதிரி சதைப்பற்றான பெரிய பாலிப் வகைக்கு 80 முதல் 150. அக்ரோபோரா மாதிரி சின்னச் சின்னப் பாலிப் உள்ள கிளைப் பவளத்துக்கு 200 முதல் 350. அத்தானின் டார்ச் இருந்த இடத்தில் மீட்டர் காட்டியது 400!

"என் கண்ணுக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்கிறார். அங்கேதான் ஏமாற்றம். நம் கண் பச்சையையும் மஞ்சளையும்தான் பளிச்சென்று பார்க்கும். பவள லைட்டில் பெரும்பங்கு நீலம். கடலில் சிவப்பு ஒளியைத் தண்ணீர் முதல் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடும். ஆழத்துக்குப் போய்ச் சேருவது நீலம். அதனால் பவளத்தின் பாசி நீலத்தை வாங்கிக்கொள்ளப் பழகியது. நமக்கு மங்கலாகத் தெரியும் ஒரு நீல லைட் பவளத்துக்குச் சுட்டெரிக்கும் வெயிலாக இருக்கலாம். மீட்டர் விலை அதிகம்தான். சொந்தமாக வாங்கத் தேவையில்லை. சில கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும், இல்லையென்றால் வைத்திருப்பவரிடம் ஒரு நாள் இரவல் கேட்கலாம்.

நீல லைட்டில் இன்னொரு சூதும் உண்டு. பவளத்தின் சதையில் ஒளிரும் புரதங்கள் இருக்கின்றன. நீலம் பட்டால் அவை பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று ஜொலிக்கும். இன்ஸ்டாகிராமில் வரும் கண்ணைப் பறிக்கும் பவளப் படங்களில் பாதி இந்த வித்தைதான். புடவைக்கடையில் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்ப்போம் இல்லையா, அந்த மாதிரி "வெள்ளை லைட்டில் காட்டுங்கள்" என்று கேட்டு வாங்குவதுதான் கெட்டிக்காரத்தனம்.

புது லைட்டோ புதுப் பவளமோ, எது வந்தாலும் 30 சதவிகித வெளிச்சத்தில் ஆரம்பித்து, வாரம் ஐந்து சதவிகிதமாக ஏற்றுகிறார் அத்தான் இப்போது. புதிதாக வந்த பவளத்தை மணல் தரையில், தொட்டியின் அடியில் சில வாரம் உட்காரவைத்துவிட்டுத்தான் மேலே ஏற்றுவார். வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் பாசி தன் நிறத்தையும் எண்ணிக்கையையும் மாற்றிக்கொள்ளும். அதற்கு வாரங்கள் வேண்டும். நிறத்தைப் பார்த்தே நிலைமையையும் ஓரளவு சொல்லிவிடலாம். பவளம் அடர்பழுப்பாகிக்கொண்டே போனால் வெளிச்சம் குறைவு, அல்லது தண்ணீரில் சத்து அதிகம். வெளிறிக்கொண்டே வந்தால் வெளிச்சம் அதிகம், அல்லது தண்ணீர் ரொம்பச் சுத்தம்.

எத்தனை மணி நேரம் எரிய வேண்டும்? எட்டிலிருந்து பத்து மணி நேரம் தாராளம். அக்கா வீட்டில் மதியம் 12-க்கு மெல்ல ஏற ஆரம்பித்து, ராத்திரி 9-க்கு இறங்கி அணைந்துவிடுகிறது. காலையில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் ஓடும்போது யார் பார்க்கப் போகிறார்கள்? அதற்கப்புறம் இருட்டு. "அழகா இருக்கு" என்று ராத்திரி முழுக்க நீல லைட்டை எரியவிடுவது பவளத்துக்குத் தூக்கத்தைக் கெடுக்கிற காரியம்.

தூக்கம் என்றது சும்மா ஒரு பேச்சுக்கு. ஆனால் பவளத்துக்கு இரவும் நிலவும் தெரியும் என்பது நிஜம். கிரேட் பேரியர் ரீஃபில் வருடத்தில் சில இரவுகளில், பௌர்ணமி முடிந்த சில நாட்களில், ஏராளமான பவள இனங்கள் ஒரே சமயத்தில் முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விடுகின்றன. லண்டனில் ஹார்னிமன் அருங்காட்சியகத்தின் மீன்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸும் குழுவினரும் இதைத் தொட்டிக்குள்ளேயே நடத்திக் காட்டினார்கள். கடலில் அந்தந்த மாதத்துக்குரிய பகல் நீளம், நிலவு உதிக்கும் நேரம், தண்ணீர் வெப்பம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் வழியாக அப்படியே கொண்டுவந்தார்கள். வெயிலே அபூர்வமான லண்டனில், விளக்கு நிலவைப் பார்த்துப் பவளம் முட்டையிட்டது. அந்தச் செய்முறையை 2017ல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள்.

பட்டினிக்காரனுக்குப் பத்தியச் சாப்பாடு

இப்போது யங்கின் இருட்டுப் பெட்டிக்கு வருவோம். பாசி இல்லாமல் போனாலும் இரை கொடுத்தால் பவளம் பிழைத்திருக்கும் என்று அவர் பார்த்தாரே, அதுதான் அத்தானுக்குக் கடைசி நம்பிக்கை. இதைப் பின்னாளில் வந்தவர்களும் பார்த்திருக்கிறார்கள். ஹவாயில் ஆண்ட்ரியா கிரொட்டோலி குழுவினர் 2006ல் வெளியிட்ட ஆய்வில், மான்டிபோரா கேபிடேட்டா என்ற பவளம் வெளிறிய பிறகு இரை பிடிப்பதைப் பல மடங்கு கூட்டி, தன் அன்றாடத் தேவையை அதிலேயே தீர்த்துக்கொண்டது தெரிந்தது. அதே இடத்தில் வளர்ந்த மற்ற இனங்களுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. எல்லாப் பவளமும் ஒன்றல்ல.

அத்தான் லைட்டை இறக்கினார், தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார், பாசியைக் கையால் பிடுங்கினார். பிறகு சாப்பாட்டைக் கொட்டுவதை நிறுத்திவிட்டு ஊட்ட ஆரம்பித்தார். இந்த இரண்டு வினைச்சொல்லுக்கும் நடுவில்தான் எல்லாம் இருக்கிறது.

அன்று ராத்திரி அக்கா மகள் செய்தது இதுதான். மைசிஸ் என்ற சின்ன இறால், உறைந்த கட்டியாகக் கிடைக்கும். ஒரு கட்டியைத் தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, டீ வடிகட்டியில் கொட்டி, அந்தச் சாற்றைக் கீழே ஊற்றிவிடுகிறாள். சாற்றில் பாஸ்பேட் இருக்கும்; தொட்டிக்குள் போனால் பாசிக்குத்தான் விருந்து. லைட் இறங்கும் நேரத்தில் பவளங்கள் தாங்களே கைகளை நீட்டி இரைக்குக் காத்திருக்கும். அப்போது நீரோட்ட மோட்டார்களை ஒரு கால் மணி நேரம் நிறுத்திவிட்டு, இங்க் ஃபில்லர் மாதிரி இருக்கும் நீளக் குழாயில் இறாலை உறிஞ்சி, ஒவ்வொரு வாயின் மேலும் நாலைந்து துண்டாக மெதுவாக விட வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் பவளம் பயந்து சுருங்கிவிடும்.

பெரிய துண்டாகக் கொடுத்தால் சீக்கிரம் நிறையும் என்று நினைக்காதீர்கள். வாங்கிக்கொள்ளும்; ரெண்டு மணி நேரம் கழித்து அப்படியே துப்பிவிடும். துப்பியது அழுகும். வாயைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் போதும். வெளிறியிருந்த மாதங்களில் மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்திருக்கிறார்கள்.

பெரிய தொல்லை திருடர்கள். தொட்டியில் இருக்கும் சுத்தம் செய்கிற இறாலும், நீமோ மீன்களும் பவளத்தின் வாயிலிருந்தே பிடுங்கித் தின்னும். அதற்கு அக்கா ஒரு யோசனை செய்தாள். குடிக்கிற தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியை வெட்டி, டார்ச்சின் மேல் கவிழ்த்துவிட்டாள். மூடி இருந்த ஓட்டை வழியாக ஊட்டல். இறால் வெளியே நின்று பாட்டிலைத் தட்டித் தட்டிப் பார்க்குமாம்.

கிளைப் பவளத்தின் வாய் குண்டூசித் தலை அளவு. அதற்கு மைசிஸ் யானைக்கவளம். மிகச் சிறிய மிதவை உயிரிகள், தூள் உணவு ஏதாவது கொஞ்சமாகத் தண்ணீரில் கலந்தால் உண்டு. நிஜத்தில் அதற்கு அன்றாடம் கிடைக்கும் பெரிய சாப்பாடு மீன் போடும் கழிவு. அதனால்தான் பவளம் வளர்ப்பவர்கள், பவளத்துக்காகவே நாலு மீனை நன்றாகச் சாப்பிட வைக்கிறார்கள். ஒரு காலத்தில் தொட்டித் தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட் எதுவுமே இருக்கக் கூடாது என்று துடைத்தெடுப்பார்கள். இப்போது நைட்ரேட் லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பாசிக்கும் உரம் வேண்டுமே.

சூரியப் பவளம் என்று ஒன்று கடையில் பார்த்தால் ஆசைப்பட்டுவிடாதீர்கள். ஆரஞ்சு நிறத்தில் சாமந்திப் பூக்கொத்து மாதிரி இருக்கும். அதற்கு உள்ளே சமையல்காரர் கிடையாது. ஒவ்வொரு வாய்க்கும் அனேகமாகத் தினமும் ஊட்ட வேண்டும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு இன்னொரு கைக்குழந்தை.

வெற்றிலைப் பெட்டி வேதியியல்

சாப்பாட்டில் எலும்புக்கும் ஒரு பங்கு உண்டு. பவளம் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத்தான் வீடு கட்டுகிறது. தொட்டியில் அது தீரத் தீர நாம் ஈடுகட்ட வேண்டும். கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், வெப்பம் 25 டிகிரிக்குப் பக்கம், உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு என்று ஒரு வாய்ப்பாடு அத்தானின் தொட்டிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது.

ஈடுகட்டப் பழைய ஜெர்மன்காரர்கள் கண்டுபிடித்த வழியைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கால்க்வாஸர் என்கிறார்கள். பெயரைக் கேட்டால் பெரிய மருந்து மாதிரி இருக்கிறது. அர்த்தம் சுண்ணாம்புத் தண்ணீர்! சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு தூளை நல்ல தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டு, மேலாக நிற்கும் தெளிவை மட்டும் ராத்திரியில் சொட்டுச் சொட்டாக விடுவது. எங்கள் ஆச்சியின் வெற்றிலைப் பெட்டியில் இருந்ததும் அதே பொருள்தான். அதற்காக வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துவிடாதீர்கள். அதில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தத் தெளிவு தோலை அரிக்கும், குழந்தைகள் கைபடக் கூடாது.

குழந்தைகள் என்றதும் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. பொத்தான் பொத்தானாக, விலை மலிவாகக் கிடைக்கும் ஸோவாந்திட், பாலிதோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு. உலகில் அறியப்பட்ட மிகக் கடுமையான விஷங்களில் ஒன்று. 2018ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் ஒரு வீட்டில் மீன்தொட்டியைச் சுத்தம் செய்தபோது இந்த விஷம் காற்றில் பரவி, குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போனது. பாறையில் இருக்கும் பவளத்தைக் கொல்ல வெந்நீர் ஊற்றுவது, பாறையைக் கொதிக்க வைப்பது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். ஆவியோடு விஷமும் வரும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொட்டிக்குள் கைவிடுவதில்லை என்பது அக்கா வீட்டுச் சட்டம். அன்று ராத்திரிகூட, முழங்கைவரை கையுறை போட்டுக்கொண்டுதான் அவள் ஊட்டினாள்.

நம்ம ஊரில் வளர்க்கலாமா?

அம்மா அடுத்த நாள் கேட்டது இது. "நம்ம கடல்லதான் கெடக்கே, நாலு எடுத்துட்டு வந்து வச்சா என்ன?"

வைக்கக் கூடாது. இந்தியாவில் திட்டு கட்டும் கடினப் பவளங்கள் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. நெருப்புப் பவளம், கருப்புப் பவளம், கடல் விசிறி இவையும் அதில்தான். உயிரோடு எடுப்பது மட்டுமல்ல, செத்துக் கிடக்கும் துண்டைக் கொண்டுவந்து ஷோகேஸில் வைத்தாலும் வழக்குதான். ராமேஸ்வரம் டூரில் யாராவது பையில் ரகசியமாக நீட்டினால் நகர்ந்து வந்துவிடுங்கள். சிங்கப்பூரில் அத்தான் வாங்கியவை பண்ணையில் வளர்த்து, சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் அனுமதியோடு இறக்குமதியானவை. நம் ஊர்க் கடைகளில் மெத்தென்ற வகைகள் கண்ணில் படலாம். எந்த இனம், எந்த வழியில் வந்தது என்று காகிதம் காட்டாத கடையில் வாங்காதீர்கள். வாங்கினாலும் மின்வெட்டு, ஏப்ரல் வெயில் இரண்டையும் யோசித்துக்கொள்ளுங்கள். அத்தான் வீட்டில் மாதம் முழுக்க ஓடிக்கொண்டிருப்பது லைட் மட்டுமல்ல, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும்தான். அந்த பில்லைப் பற்றி அக்காவிடம் பேச்செடுக்கக் கூடாது.

எங்கள் ஊர்க் கடலில் சில்லர் கிடையாது. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம்வரை நீளும் மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளத்தை வெட்டிச் சுண்ணாம்பு சுட்ட காலம் போய்விட்டது. ஆனால் 2010, 2016 கோடைகளில் கடல் சூடாகி அங்கேயும் பவளங்கள் பெருமளவில் வெளிறின. தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் பல வருடங்களாகப் பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டி, கடலடியில் நட்டு வளர்க்கிறார்கள். அத்தானுக்கு டார்ச்சின் மேல் கவிழ்க்க ஒரு பாட்டில் இருந்தது. அங்கே வெளிறிய பவளம், அலை கொண்டுவந்து போடுவதை நம்பித்தான் இருக்கிறது.

அத்தானின் அக்ரோபோரா இரண்டும் பிழைக்கவில்லை. இரண்டு வாரத்தில் சதை உரிந்து, எலும்பு மேல் பச்சை படர்ந்துவிட்டது. மற்ற மூன்றும் வெள்ளையாகவே நின்றன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊட்டல். மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, டார்ச்சின் அடிப்பக்கத்தில் டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு தெரிந்திருக்கிறது. அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப் போன அத்தானை அக்கா மகள்தான் தடுத்தாளாம். சமையல்காரர் திரும்பி வந்திருந்தார்.

இப்போது அதே டார்ச் இரண்டு தலை நாலு தலையாகி, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து கிடக்கிறது. அதைத்தான் அன்று ராத்திரி நான் பார்த்தேன். ஊட்டி முடித்து, மோட்டாரைப் போட்டு, நீல வெளிச்சமும் அணைந்த பிறகு, ஒரு படம் எடுக்கலாம் என்று போனைத் தூக்கி ஃப்ளாஷைத் தட்டினேன்.

"சித்தி! டார்ச்சுல டார்ச் அடிக்காதீங்க" என்று என் கையைப் பிடித்து இறக்கினாள். "இப்பதான் வாய மூடுது. காலையில எடுத்துக்கலாம்."

காலையில் எங்கே, மதியம் 12-க்குத்தானே வெளிச்சம் வரும் என்றேன்.

"அப்ப வெயிட் பண்ணுங்க" என்றாள்.